அரிசிமணி போன்ற புழு: பச்சிளங் குழந்தைகளுக்கு வரும் அரிய நாடாப்புழு நோய்

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



குழந்தைகள் நலம் குறித்துப் பேச எமக்கு அளிக்கப்பட்ட இச்சில நிமிடங்களை ஒரேயொரு புழுவுக்காகவே செலவிட எண்ணியுள்ளோம். நாடாப்புழு என்றதும், "பன்றியிறைச்சியைத் தீண்டாத நம் வீடுகளில் அது எங்ஙனம் வரும்?" என்ற வினா எழுவது இயல்பே. நாடாப்புழுக்களில் பல இனங்கள் உண்டு. இன்று நாம் கூற வந்த இனத்துக்கும் இறைச்சிக்கும் யாதொரு தொடர்பும் இல்லை. அது தெள்ளுப்பூச்சி வழியே வருவது.

பன்றி நாடாப்புழுவின் செய்தியிலுங்கூட, இறைச்சியை விலக்குவது மட்டும் முழுக் காப்பாகாது. நியூயார்க் நகரில் பன்றியிறைச்சியை அறவே விலக்கி வாழும் யூத சமூகத்தாருள் நால்வருக்கு, அப்புழுவின் முட்டைகளால் மூளையில் நீர்க்கட்டிகள் உண்டானமை 1992-இல் மருத்துவ ஏட்டில் வெளியாயிற்று. குடலில் புழுவைத் தாங்கியிருந்த வீட்டுப் பணியாளர்கள் வழியே அவை பரவியிருக்கக்கூடும் என்று ஆய்ந்தோர் கருதினர். அது தனிப் பேச்சுக்குரியது. நம் பொருளுக்கு வருவோம்.

இப்புழுவின் பெயர் டிபிலிடியம் கேனைனம். நாய், பூனை ஆகியவற்றின் குடலே அதன் இருப்பிடம். புழுவிலிருந்து கழன்ற துண்டுகள் பிராணியின் மலத்தோடு வெளியேறி முட்டைகளைச் சிந்துகின்றன. பாயின் அடியிலும் தரைப் பிளவுகளிலும் வாழும் தெள்ளின் இளம்புழுக்கள் அம்முட்டைகளைத் தின்கின்றன. அவை வளர்ந்து தெள்ளாகும்போது, உள்ளே நாடாப்புழுவின் இளநிலையும் வளர்ந்துவிடுகிறது. அத்தெள்ளை விழுங்கினால் மட்டுமே நோய் தொற்றும். பெரியவர்கள் தெள்ளை விழுங்குவது அரிது. தவழும் குழந்தையோ பூனைக்குட்டியை அணைத்து முகத்தோடு முகம் வைக்கிறது. கைக்கு அகப்பட்டதை வாயிலிடுகிறது. ஆகவேதான் இந்நோய் பெரும்பாலும் குழந்தைகளிடமே காணப்படுகிறது. உலகெங்கும் அரிதாகவே பதிவாகியுள்ளது. நம் நாட்டில், ஒடிசாவில் ஒரு குழந்தைக்கு வந்தது பற்றி 2013-இல் மருத்துவ ஏட்டில் எழுதப்பட்டுள்ளது.

விழுங்கிய பின் ஏறத்தாழ ஒரு மாதத்தில் புழு முதிர்கிறது. அறுபது சென்டிமீட்டர் வரை நீளக்கூடும். ஆயினும் குழந்தைக்குப் பெரிய துன்பம் இருப்பதில்லை. ஆசனவாயில் அரிப்பு, சிணுங்கல், சிலவேளை வயிற்றுவலி, அவ்வளவே. தாய் காண்பது வெள்ளரி விதையளவான துண்டுகள். புதிதாக இருக்கையில் அவை நெளியும். உலர்ந்தபின் அரிசிமணி போலிருக்கும்.

இங்குதான் இடர் தொடங்குகிறது. நெளியும் வெண்புழுவைக் கண்டவுடன் வீட்டாரும், சிலவேளை மருத்துவரும், கீரிப்பூச்சி என்றே முடிவு கட்டிவிடுகின்றனர். கீரிப்பூச்சி நூலிழை போல மெல்லியது. இதுவோ தட்டையான விதை போன்றது. 2015 முதல் தேசியக் குடற்புழு நீக்க நாளில் அங்கன்வாடிகளிலும் பள்ளிகளிலும் வழங்கப்படும் அல்பெண்டசோல் மாத்திரை உருண்டைப்புழு, கொக்கிப்புழு போன்றவற்றுக்கு நன்று; தவறாது கொடுங்கள். ஆனால் அது இப்புழுவுக்குரிய மருந்தன்று. எனவே புழு மீண்டும் மீண்டும் தென்படுகிறது. மாத்திரையும் மீண்டும் மீண்டும் கொடுக்கப்படுகிறது. சுத்தம் பேணவில்லை என்ற பழியோ தாயின்மேல் விழுகிறது. அப்பழி நியாயமற்றது என்பதே எமது கருத்து. உரிய மருந்து பிரசிகுவாண்டல். குழந்தையின் எடைக்கேற்ப மருத்துவர் அளவிட்டுத் தருவார். பெரும்பாலும் ஒரு வேளையே போதுமானது. கடையில் கேட்டு வாங்கித் தாமாகக் கொடுக்கலாகாது. கீரிப்பூச்சிக்குப் போல வீட்டார் அனைவரும் மருந்துண்ண வேண்டியதில்லை. ஒருவரிடமிருந்து மற்றவருக்கு இது நேரே பரவாது.

எலி நாடாப்புழு என்றொன்றும் உண்டு. தானியத்திலும் மாவிலும் உள்ள வண்டுகளைத் தவறி உண்பதால் அது வரும். அரிசிப் பானையை மூடிவைப்பதும் எலியை ஒழிப்பதுமே அதற்குத் தடுப்பு.

இதைக் கேட்டபின் வீட்டுப் பூனையையோ பள்ளிவாசல் முற்றத்துப் பூனைகளையோ சாக்கிலிட்டு ஊர் எல்லையில் விட்டுவர எவரும் புறப்பட வேண்டாம். பூனையை அசுத்தமெனக் கருதாதது நம் மரபு. பகை தெள்ளோடுதான். கால்நடை மருத்துவமனையில் பூனைக்குப் புழு மருந்தும் தெள்ளு மருந்தும் கேட்டுப் பெறுங்கள். நாய்களுக்கென விற்கப்படும் பெர்மெத்ரின் கலந்த மருந்தைப் பூனைக்கு இடலாகாது. அது அதன் உயிரையே போக்கும். பூனை படுக்கும் துணியை வெந்நீரில் துவைத்து வெயிலில் உலர்த்துங்கள். பாய்களை உதறி, அடியைப் பெருக்குங்கள்.

இன்னொன்று. இத்துண்டுகள் பெரும்பாலும் முழுதாகவே வெளியேறுவதால், மலப் பரிசோதனையில் முட்டை தென்படாமலே போகலாம். ஆகையால் குழந்தையின் துணியில் அரிசிமணி போன்ற துண்டைக் கண்டால் அருவருப்புற்று எறிந்துவிடாதீர்கள். சிறு சீசாவில் சிறிது நீர் விட்டு, அதனுள் இட்டு மூடி, மருத்துவரிடம் எடுத்துச் செல்லுங்கள். வீட்டில் பூனையோ நாயோ உண்டு என்பதையும் அவர் கேட்குமுன் சொல்லிவிடுங்கள்.