ஜப்பான் கத்தரி

சென்ற ஆண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, டில்லி கரோல்பாகில் முடிதிருத்தும் தொழில் புரியும் தமிழ் இளைஞர் ஒருவர் நம் இல்லம் தேடி வந்தார். திருநெல்வேலிப் பக்கத்தவர். கையில் ஒரு சிறு பெட்டி. அதனுள் பட்டுத் துணியின்மேல் ஒரு கத்தரிக்கோல். ஐந்து மாதம் சீட்டுக் கட்டிச் சேர்த்த பணத்தில் வாங்கியதாம். ஆறாம் வாரத்திலேயே முடியை வெட்டாமல் மடிக்கத் தொடங்கிவிட்டது. தெருவில் வந்த சாணைக்காரரிடம் தீட்டக் கொடுத்தார். அதன் பிறகு இருந்த கூர்மையும் போயிற்று. "சார், பெட்டியில் ஜப்பான் என்று போட்டிருக்கிறது. நீங்கள் மொழிபெயர்ப்பு வேலையில் இருப்பவர். இதில் என்னதான் எழுதியிருக்கிறது என்று பார்த்துச் சொல்லுங்கள்" என்றார்.

படித்துப் பார்த்தோம். பெட்டியின்மேல் பொய் எதுவும் எழுதப்படவில்லை. 'ஜப்பானிய எஃகு' என்று பெரிய எழுத்தில் இருந்தது. எந்த நாட்டில் செய்யப்பட்டது என்ற சொல் எங்கும் காணப்படவில்லை.

பள்ளிக்கூடத்தில் நாம் தொகைநிலைத் தொடர் படித்தோம். பொற்குடம் என்றால் பொன்னால் ஆகிய குடம். மலர்க்கை என்றால் மலர் போன்ற கை. இடையே மறைந்து நிற்கும் உருபை விரித்தால்தான் பொருள் விளங்கும். 'ஜப்பான் கத்தரி' என்பதும் அத்தகைய ஒரு தொகையே. ஜப்பானில் செய்த கத்தரி என்று விரிக்கலாம். ஜப்பான் எஃகால் வேறொரு நாட்டில் செய்த கத்தரி என்றும் விரிக்கலாம். ஜப்பான் கத்தரி போன்ற கத்தரி என்றும் விரிக்கலாம். விற்பவர் இரண்டாவதையோ மூன்றாவதையோ மனத்தில் கொண்டு எழுதினார். நம் இளைஞர் முதலாவதாகப் படித்தார். ஐந்து மாதச் சேமிப்பு அந்த மறைந்த உருபுக்குள் மறைந்துவிட்டது.

ஆகவே, இந்தத் தொகையை எவ்வாறு விரித்துப் பார்ப்பது என்பதையே இன்று காண்போம். நம்மவர் பலர் வெளி மாநில நகரங்களில் சலூன்களிலும் அழகு நிலையங்களிலும் உழைக்கின்றனர். அவர்களுக்கோ, அவர்களை அறிந்தவர்களுக்கோ இது பயன்படக்கூடும்.

ஜப்பானுக்கு இந்தத் தொழிலில் இவ்வளவு பெயர் ஏன் வந்தது? அந்நாட்டின் கிஃபு மாவட்டத்தில் செகி என்றொரு நகரம் உண்டு. பல நூற்றாண்டுகளாக வாள் வடித்த ஊர். 1871-ஆம் ஆண்டு ஜப்பானிய அரசு, ஆண்கள் தம் குடுமியைக் களைந்து விரும்பியபடி முடி வைத்துக்கொள்ளலாம் என ஆணையிட்டது. 1876-இல் மற்றோர் ஆணை பிறந்தது. படையினர், காவலர் போன்றோர் நீங்கலாக வேறு எவரும் பொது இடத்தில் வாள் அணியலாகாது என்று அது விதித்தது. ஐந்தே ஆண்டுகளில் ஓர் ஆணை கத்தரிக்கு வேலை தந்தது; மற்றோர் ஆணை கொல்லரின் வேலையைப் பறித்தது. வாள் வடித்த கைகள் சமையற் கத்தி, பேனாக்கத்தி, சவரக் கத்தி, கத்தரி என்று திரும்பின. இன்றும் செகி நகரில் ஒருவர் அடிக்க, ஒருவர் பதமிட, ஒருவர் தீட்ட, ஒருவர் பொருத்த எனப் பல சிறு பட்டறைகள் வேலையைப் பகிர்ந்துகொள்வது வழக்கம்.

ஊரின் பெயர் மட்டும் முடியை வெட்டாது. எனவே எஃகைக் கவனிப்போம். எஃகு என்பது இரும்போடு கரி சேர்ந்தது. கரி கூடினால் கடினம் கூடும். குரோமியம் துருவைத் தடுக்கும். மாலிப்டினம், வனேடியம், கோபால்ட் முதலியவை சிறிதளவு சேர்ந்து, தேய்மானத்தைக் குறைத்தும் பதத்தைக் காத்தும் துணை செய்யும். முடிதிருத்தும் கத்தரிகளில் அடிக்கடி காணும் பெயர் 440. இதிலே ஓர் எழுத்தைக் கவனிக்க வேண்டும். 440 ஏ என்பதில் கரி நூற்றுக்கு 0.60 முதல் 0.75 பங்கு, 440 சி என்பதில் 0.95 முதல் 1.20 பங்கு. குரோமியம் இரண்டிலும் 16 முதல் 18 பங்கே. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே மின்னும். ஆனால் முன்னது கூரை விரைவில் இழக்கும். பின்னது நெடுநாள் தாங்கும். பெட்டியில் வெறும் 440 என்று மட்டும் இருந்தால் எழுத்தைக் கேளுங்கள். சொல்லத் தயங்கினால் கடையை விட்டு இறங்கிவிடலாம்.

இதற்கு மேற்பட்ட வரிசையில் வி.ஜி. 10 என்ற எஃகு உண்டு. ஃபுக்குயி மாவட்டத்தில் எச்சிசென் நகரத்துத் தக்கேஃபு எஃகு ஆலை வார்ப்பது. கரி சுமார் 1 பங்கும் குரோமியம் 15 பங்கும் கோபால்ட் ஒன்றரைப் பங்கும் கொண்டது. ஏ.டி.எஸ். 314 என்ற பெயரும் உயர்ந்த கத்தரிகளில் வரும். அது ஹிட்டாச்சி மெட்டல்ஸ் நிறுவனத்தின் எஃகு. அந்த நிறுவனம் 2023 முதல் புரோடீரியல் என்று பெயர் மாறியிருக்கிறது. 'கோபால்ட்' என்ற ஒரே சொல்லும் இரு பொருள்படும். கோபால்ட் சிறிதளவு கலந்த எஃகு ஒன்று. கோபால்ட்டையே முதன்மையாகக் கொண்ட கலப்பு உலோகம் மற்றொன்று. பின்னதன் விலையும் தன்மையும் வேறு. இதையும் விரித்துக் கேட்க வேண்டும்.

நல்ல எஃகும் பதமிடுவதில் பிழைத்தால் பயனற்றது. அரிசி ஒன்றே ஆயினும் குழைவதும் வேகாமல் நிற்பதும் அடுப்பருகே நிற்பவர் கையில் இருக்கிறது அல்லவா? கடினத்தை ராக்வெல் என்ற அளவால் குறிப்பர். தொழிற் கத்தரிக்கு ஏறத்தாழ 58 முதல் 62 வரை தகும். அதற்குக் கீழே கூர் நில்லாது. மிகுந்தால், தரையில் விழுந்த மாத்திரத்தில் முனை தெறித்துவிடும். மேலே பூசிய நீலமும் பொன்னிறமும், அலகில் ஓடும் அலைக்கோலமும் கண்ணுக்கு இனியவை. கூருக்கு அவற்றால் ஆவது ஒன்றுமில்லை.

இனி வடிவம். கத்தரியின் இரு அலகுகளும் முழுநீளமும் ஒட்டி உராய்வதாக நாம் எண்ணுகிறோம். உண்மையில் அவை ஒரு சமயத்தில் ஒரே புள்ளியில்தான் தொடுகின்றன. மூடும்போது அப்புள்ளி திருகாணியிலிருந்து முனைவரை ஓடுகிறது. இதற்காக அலகுகளை மிகச் சிறிதே வளைத்து வைப்பர். உட்பக்கத்தைக் குழிவாகக் கடைந்து, ஓரத்தில் மெல்லிய கோடொன்றை மட்டும் நிறுத்துவர். ஜப்பானிய முறையில் வெளிப்பக்கமும் தட்டையாக இராது. மட்டியின் ஓடுபோல மெல்லக் குவிந்து வந்து கூரில் முடியும். அவர்கள் மொழியிலும் இதற்கு மட்டியின் பெயரே வழங்குகிறது: ஹமகுரி வாய். முடியின்மேல் அலகைச் சறுக்கிக்கொண்டே வெட்டும் நுட்பத்திற்கு இதுவே ஏற்றது. மற்றொரு வகையில் ஓரத்தைச் சரிவாகத் தீட்டி, நுண்ணிய பற்களும் இடுவர். அது முடி வழுக்காமல் பிடித்து வெட்டும், கற்றுக்கொள்பவருக்கு உதவும். ஆனால் சறுக்கி வெட்ட முயன்றால் முடியைப் பிடித்து இழுக்கும்.

நம் இளைஞரின் கத்தரி சாணையில் கெட்ட காரணம் இங்கேதான் இருக்கிறது. குவிந்த வாயைச் சுழலும் சக்கரத்தில் வைத்தால் குவிவு போய்ச் சரிவாகிவிடும். உட்பக்கத்தையும் தேய்த்தால் அந்த மெல்லிய கோடு அழியும். சூட்டில் ஓரம் நீலம் பாரித்தால் பதமும் இறங்கிவிடும். தெருச் சாணைக்காரர் அரிவாளும் வீட்டுக் கத்தியும் தீட்டத் தெரிந்த உழைப்பாளி. அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. குவிந்த வாயைத் தீட்டத் தெரிந்தவர் யார், எங்கே அனுப்ப வேண்டும் என்பதைக் கத்தரி வாங்கும் அன்றே விற்பவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். அதற்கு விடை இல்லாத கடையில் ஹமகுரி வாய்க் கத்தரி வாங்குவது, ஊருணி இல்லாத ஊரில் நிலம் வாங்குவது போன்றது.

மூன்றாவது, கைப்பிடி. பணம் போனால் மறுபடி ஈட்டலாம். கட்டைவிரல் போனால் தொழிலே போய்விடும். அந்த இளைஞருக்கு இரவில் கட்டைவிரல் மரத்துப்போவதை அவர் பேச்சின் கடைசியில்தான் சொன்னார், அதுவும் தயங்கிக்கொண்டே. அவருடைய கத்தரியில் இரு வளையங்களும் நேருக்கு நேர் இருந்தன. கத்தரியை மோதிர விரலில் தாங்கிக் கட்டைவிரலால் இயக்குவதே தொழில்முறை. வளையங்கள் நேராக இருந்தால் கட்டைவிரல் நீண்டு எட்ட வேண்டும். மணிக்கட்டு மடியும், முழங்கை உயரும். நாள் முழுதும் இவ்வாறு நின்றால் நரம்பு எப்படித் தாங்கும்? கட்டைவிரல் வளையத்தைக் குட்டையாக்கி விலக்கி வைத்த பிடி உண்டு. அதில் விரல் இயல்பாக நிற்கும். பிடி முழுதையும் கீழ்நோக்கிச் சாய்த்த வகையும் உண்டு; நாரைக் கழுத்தின் சாயலால் அதனை நாரைப்பிடி என்பர். அதில் முழங்கை இறங்கி நிற்கும். தோளுக்கு ஓய்வு கிடைக்கும்.

இடக்கையர் தனியாகக் கவனிக்க வேண்டும். வலக்கைக் கத்தரியை இடக்கையில் பிடித்தால், விரலின் தள்ளுதல் இரு அலகையும் சேர்ப்பதற்குப் பதிலாகப் பிரித்துவிடும். பிடியை மட்டும் மாற்றியமைத்தால் போதாது. அலகுகளே இடம் மாறி அமைந்த உண்மையான இடக்கைக் கத்தரி வேண்டும்.

நீளத்தை அங்குலத்தில் சொல்வர். விரல் தாங்கியைச் சேர்க்காமல் முனையிலிருந்து வளையத்தின் முடிவு வரை உள்ள அளவு அது. பொதுவான வேலைக்கு ஐந்தரை, ஆறு. சீப்பின்மேல் வைத்து வெட்டுவோர்க்கு ஆறரை, ஏழு. அலகின் நீளம் நம் நடுவிரலின் நீளத்தை ஒத்திருப்பது நல்ல தொடக்கம்.

வாங்குமுன் செய்யத்தக்க சோதனை ஒன்று. ஒரு வளையத்தைப் பிடித்து முனை மேல்நோக்கி இருக்குமாறு நிறுத்தி, மற்ற அலகைக் குறுக்காக விரித்து விடுங்கள். அது தானே இறங்கி முழுதும் மூடிக்கொண்டால் திருகாணி தளர்வு. அசையாமல் நின்றால் இறுக்கம். பாதி வழியில் நின்றால் சரி. பிறகு நனைத்த மெல்லிய காகிதத்தை முனைவரை வெட்டிப் பாருங்கள். மடியாமல், இழுபடாமல் வெட்ட வேண்டும். வாங்கிய பின் தினமும் துடைத்து, திருகாணியருகே ஒரு சொட்டு எண்ணெய் விட்டால் அதன் ஆயுள் வளரும்.

அந்த இளைஞர் இரண்டு திங்கள் பொறுத்திருந்து வேறொரு கத்தரி வாங்கினார். முன்னதைவிட விலை குறைவு. 440 சி எஃகு, குட்டை வளையப் பிடி, செய்த ஊர் பெட்டியிலேயே பொறிக்கப்பட்டிருந்தது. கடைக்குப் போகுமுன் நம்மிடம் ஒரு துண்டுக் காகிதம் எழுதி வாங்கிச் சென்றார். அதில் இருந்தவை ஐந்து கேள்விகள்: செய்த இடம் எது? எஃகின் முழுப்பெயர் என்ன? வாய் குவிந்ததா, சரிந்ததா? பிடி என் கைக்கு அமைகிறதா? தீட்டுபவர் யார்?

சென்ற வாரம் நமக்கு முடி திருத்தியவர் அவரே. "இப்போது கை எப்படி இருக்கிறது, தம்பி?" என்று கேட்டோம். "ராத்திரி தூக்கம் வருகிறது சார்" என்றார்.