காதலர் தினம் எங்கிருந்து வந்தது?

(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



பிப்ரவரி 14 வந்துவிட்டால் ஒரு கூட்டம் ரோஜாவோடு வருகிறது. இன்னொரு கூட்டம் தடியோடு வருகிறது. 'அந்நியப் பண்டிகை, நம் பண்பாட்டைக் கெடுக்கிறது' என்பது தடிக்காரர்களின் வாதம். அந்தப் பண்டிகையின் வரலாற்றைத்தான் பார்ப்போமே!

ரோமாபுரியில் 3-ஆம் நூற்றாண்டில், மன்னன் கிளாடியஸின் தடையை மீறிச் சிப்பாய்களுக்கு இரகசியத் திருமணம் செய்துவைத்த வாலண்டைன் பாதிரியாரின் தலை வெட்டப்பட்டதாம். கேட்க நன்றாயிருக்கிறது. ஆனால் அக்காலத்து ஏடு எதிலும் இதற்குச் சான்றில்லை. வாலண்டைன் ஒருவரா, இருவரா என்பதே தகராறு! 1969-இல் கத்தோலிக்கத் திருச்சபையே தன் பொது நாட்காட்டியிலிருந்து அவர் திருநாளை எடுத்துவிட்டது.

இந்நாளைக் காதலோடு முடிச்சுப் போட்டவர்களில் முந்தியவர் 14-ஆம் நூற்றாண்டு ஆங்கிலக் கவிஞர் சாசர். அன்று பறவைகள் கூடி இணை தேடுவதாக நீண்ட பாட்டொன்று எழுதினார். மூன்று ஆண் கழுகுகள் ஒரு பெண் கழுகை வேண்டுகின்றன. பறவைகள் ஆளுக்கொரு பேச்சுப் பேசுகின்றன. இயற்கை அன்னையோ, முடிவைப் பெண்ணிடமே விடுகிறாள். அவள் கேட்டது ஓராண்டு அவகாசம், அதுவும் கிடைத்தது.

இன்னொன்று கேளுங்கள். 1477-இல் மார்ஜரி புரூஸ் என்ற ஆங்கிலப் பெண், தனக்குப் பேசியிருந்த ஜான் பாஸ்டனை 'வாலண்டைன்' என்றழைத்துக் கடிதம் எழுதினாள். கடிதத்தில் என்ன சங்கதி? வரதட்சணைத் தகராறு! அம்மா எவ்வளவோ மன்றாடியும் அப்பா தொகையை உயர்த்த மறுக்கிறார். என்மேல் அன்பிருந்தால் அதற்காக என்னைக் கைவிடாதீர்கள் என்கிறாள். நம் தெருவில் எழுதிய கடிதம் போலில்லையா? அவ்வாண்டே திருமணமும் நடந்தது.

வாழ்த்து அட்டை வியாபாரம் 1840-இல் பிரிட்டனில் ஒரு பென்னி தபால் வந்தபின் பெருகியது. இன்று கடைக்காரன் விலையேற்றி ரோஜா விற்கிறான். அதை விடுங்கள்.

நம் வீட்டில் நடப்பதென்ன? இங்கே பிறந்து வளர்ந்த மகள் வேறு சாதிப் பையனை விரும்பினால், ஊருக்கு ரயிலேற்றி அவசரக் கலியாணம்! வயதுவந்த இருவர் விரும்பி மணக்கக் குடும்பத்தின் சம்மதமோ சாதியின் சம்மதமோ தேவையில்லை என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. ஆனால் 1954-ஆம் ஆண்டுச் சிறப்புத் திருமணச் சட்டப்படி மணக்க, பதிவாளரிடம் முன்னறிவிப்புக் கொடுத்து 30 நாள் காத்திருக்க வேண்டும். மிரட்டலும் கடத்தலும் நுழைவதற்கு அது போதும்.

அந்த 30 நாளும் அப்படிப்பட்ட பிள்ளைகளுக்குச் சங்கத்தில் பாதுகாப்புக் கொடுப்போமா? அதற்கான தீர்மானத்தைத் தலைவரிடம் தந்திருக்கிறேன். ஆதரிப்பவர்கள் கை தூக்குங்கள்.