முன்னுரையாக வந்த கதை

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டு சந்திப்பில் ஆற்றிய உரை)



செயலாளர் போனில் அழைத்தபோது, "எதைப் பத்தி வேணும்னாலும் பேசுங்க, டிரான்ஸ்பார்மர் மட்டும் வேண்டாம்" என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார். மின்பொறியாளனிடமிருந்து டிரான்ஸ்பார்மரைப் பறித்துக்கொண்டால் மிச்சம் என்ன இருக்கிறது? யோசித்துப் பார்த்துவிட்டு, ஒரு குழந்தைகள் எழுத்தாளரின் புத்தகங்களைப் பற்றிப் பேசுவது என்று முடிவு செய்தேன். சிரிக்க வேண்டாம். சுற்றிச் சுற்றிக் கடைசியில் நம் வகுப்பறைக்குத்தான் வரப்போகிறேன்.

கடலூர்க்காரர்கள் மேடை ஏறினால் இரண்டு பெயர்களைச் சொல்லாமல் இறங்க மாட்டோம். புதுமைப்பித்தன் 1906இல் பிறந்தது எங்கள் திருப்பாதிரிப்புலியூரில். ஜெயகாந்தன் 1934இல் பிறந்தது மஞ்சக்குப்பத்தில். பெருமைதான். ஆனால் இருவரும் எழுதிப் புகழ் பெற்றது சென்னையில். கடலூரிலேயே இருந்து, பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்துக்கொண்டே, பிள்ளைகளுக்காக எழுதிய ஒருவரின் பெயர் இந்தப் பட்டியலில் வருவதில்லை. குழந்தைகளுக்கு எழுதுகிறவர்களை அரை எழுத்தாளர்களாக எண்ணும் பழக்கம் நமக்கு உண்டு என்பது என் தாழ்மையான கருத்து. நான் சொல்ல வருவது 'ஆயிஷா' இரா. நடராசன் அவர்களைப் பற்றி. அந்த முன்னொட்டு ஊர்ப் பெயரும் இல்லை, குடும்பப் பெயரும் இல்லை. அவர் எழுதிய ஒரு பள்ளிக்கூடச் சிறுமியின் பெயர். படைத்த பாத்திரம் படைத்தவரின் இனிஷியல் ஆகிவிட்டது!

அவருடைய நூல்கள் ஏராளம். 'கணிதத்தின் கதை', கல்வி பற்றிப் பெரியவர்களுக்கு எழுதிய 'இது யாருடைய வகுப்பறை?', பிறகு 'விஞ்ஞான விக்கிரமாதித்தன் கதைகள்'. கடைசியாகச் சொன்ன நூலுக்கு 2014இல் சாகித்திய அகாதெமியின் பால சாகித்திய விருது கிடைத்தது. அந்த விருது தொடங்கியதே 2010இல்தான். ஆனால் இவ்வளவு எழுதிய பிறகும் அவரை எல்லோரும் அழைப்பது 1990களில் வந்த அந்தச் சின்னப் புத்தகத்தின் பெயரால்தான். 'ஆயிஷா' கணையாழி இதழின் குறுநாவல் போட்டியில் பரிசு பெற்றது. பிறகு மலிவு விலைச் சிறு நூலாக வந்து, ஆசிரியர் பயிற்சி வகுப்புகளிலும் அறிவியல் இயக்கக் கூட்டங்களிலும் கைமாறிக் கைமாறிப் போனது. வேறு இந்திய மொழிகளுக்கும் சென்றது.

முன்னுரை என்பது ஒரு விசித்திரமான சரக்கு. கடைசியில் எழுதுவார்கள், முதலில் அச்சடிப்பார்கள். புத்தகத்தை முடித்த ஆசிரியர் திரும்பிப் பார்த்து, இதை ஏன் எழுதினேன் என்று சொல்லும் இடம் அது. நம்மில் பெரும்பாலோர் அதைப் படிக்காமல் தாண்டிப் போவோம். 'ஆயிஷா' அப்படி ஒரு முன்னுரையின் வடிவத்தில் எழுதப்பட்ட கதை. ஓர் ஆசிரியை அறிவியல் புத்தகம் எழுதியிருக்கிறார். அந்தப் புத்தகம் பிறந்த காரணத்தைச் சொல்கிறார். நம் கைக்கு வருவது முன்னுரை மட்டும்தான். குழந்தை எழுத்தாளர்கள் திரும்பிப் பார்ப்பது புதிதல்ல. கோகுலம், பூந்தளிர் வழியாக நமக்கெல்லாம் அறிமுகமான வாண்டுமாமா, நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட நூல்களை எழுதியபின் 'எதிர்நீச்சல்' என்று தன் வரலாற்றை எழுதினார். அது ஒரு வாழ்நாளின் கணக்கு. இந்தக் கற்பனை ஆசிரியையோ ஒரே ஒரு புத்தகத்தையும் ஒரே ஒரு மாணவியையும் திரும்பிப் பார்க்கிறார். என்னைக் கேட்டால், அதுதான் அதிகமாகக் கனக்கிறது.

கதை சின்னது. ஆயிஷா கேள்வி கேட்கிறாள். கேட்டதற்காக அடி வாங்குகிறாள். முன்னுரை எழுதும் ஆசிரியை மட்டும் அவளைக் கவனிக்கிறார், புத்தகங்கள் தருகிறார். அடி நிற்கவில்லை. கடைசியில் அந்தப் பெண், அடித்தால் வலிக்காமல் இருக்க வழி தேடி, ஒரு வேதிப்பொருளைத் தன் உடம்பிலேயே சோதித்துப் பார்க்கிறாள். இறந்துபோகிறாள்.

ஆயிஷாவின் பெயரைச் சொன்னாலே காந்தம் பற்றிய கேள்விதான் எனக்கு ஞாபகம் வரும். அதைக் கொஞ்சம் நீட்டிப் பார்க்கிறேன், மின்பொறியாளன் என்ற உரிமையில். ஒரு சட்டக் காந்தத்தை இரண்டாக வெட்டுங்கள். வடதுருவம் ஒரு கையிலும் தென்துருவம் ஒரு கையிலும் வராது; இரண்டு முழுக் காந்தங்கள் வரும். மறுபடி வெட்டினால் நான்கு. வெட்டிக்கொண்டே போனால்? நம் பாடத்தில் இதற்கு ஒரு வரிச் சமன்பாடு இருக்கிறது, காந்தப்புலத்தின் டைவர்ஜென்ஸ் பூஜ்யம். எழுதினால் இரண்டு மார்க். ஆனால் ஏன் பூஜ்யம் என்று கேட்டுப் பாருங்கள்! 1931இல் டிராக் எழுதிய கட்டுரையில், ஒற்றைத் துருவம் இருப்பதைக் குவாண்டம் விதிகள் தடுக்கவில்லை என்றும், அப்படி ஒன்று எங்காவது இருந்தால் மின்னூட்டம் ஏன் முழு மடங்குகளாகவே வருகிறது என்பதற்கு அதுவே விளக்கமாகும் என்றும் காட்டினார். 1982 பிப்ரவரி 14 அன்று ஸ்டான்ஃபோர்டில் பிளாஸ் கப்ரேரா என்பவரின் கருவியில் அப்படி ஒன்று கடந்து போனது போன்ற ஒரே ஒரு பதிவு கிடைத்தது. அதன்பிறகு அது திரும்ப வரவே இல்லை. ஜெனிவாவில் செர்ன் ஆய்வுக்கூடத்திலும் தேடியிருக்கிறார்கள், அகப்படவில்லை. ஆக, ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை காந்தத்தைக் கையில் வைத்துக்கொண்டு கேட்கும் கேள்விக்கு உலகத்தின் பெரிய ஆய்வுக்கூடங்களிலும் முழுப் பதில் கிடையாது. அதற்குத்தான் பிரம்பு.

வலி மரத்துப்போகும் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். 1799இல் பிரிஸ்டலில் ஹம்ப்ரி டேவி நைட்ரஸ் ஆக்சைடைத் தானே முகர்ந்து பார்த்தார். அப்போது அவருக்கு வயது இருபது. இது வலியைப் போக்குகிறது, அறுவைச் சிகிச்சைக்குப் பயன்படக்கூடும் என்று 1800இல் அச்சிட்ட புத்தகத்திலேயே எழுதிவைத்தார். 1844இல் ஹோரஸ் வெல்ஸ் என்ற அமெரிக்கப் பல் மருத்துவர் அந்த வாயுவை முகர்ந்துவிட்டுத் தன் பல்லையே பிடுங்கிக்கொள்ளும் வரை அந்த வரியை யாரும் பிடித்துக்கொள்ளவில்லை. நாற்பத்து நாலு வருஷம் எத்தனை பேர் கட்டிலில் கட்டப்பட்டுக் கதறியிருப்பார்கள்! தன் உடம்பையே ஆய்வுக்கூடமாக்கியவர்கள் அறிவியல் வரலாற்றில் இருக்கிறார்கள். ஆயிஷாவையும் அந்த வரிசையில் வைக்கலாமா என்றால், கூடாது என்பேன். அவர்கள் விரும்பிச் செய்தார்கள். இவள் தப்பிக்க வழியில்லாமல் செய்தாள்.

இந்தக் கதையைப் பற்றி ஒரு வழக்கும் உண்டு, அதை மறைக்கக் கூடாது. என் அத்தை முப்பது வருஷம் அரசுப் பள்ளி ஆசிரியை. புத்தகத்தைப் படித்துவிட்டு மூடி வைத்தவர், "எல்லாம் சரிதான்டா. ஒரு கிளாஸ்ல அறுபது பிள்ளைங்க, நாப்பது நிமிஷம், முடிக்க வேண்டிய போர்ஷன் மலை மாதிரி. அதுல ஒருத்தி எழுந்து காந்தத்தை வெட்டினா என்னான்னு கேட்டா நான் என்ன பண்றது? அதையும் அந்த வாத்தியார் எழுதியிருக்கணும்" என்றார். நியாயம் இருக்கிறது. கதையில் மற்ற ஆசிரியர்கள் அடிப்பதற்காக மட்டுமே வருகிறார்கள் என்று எனக்கும் தோன்றியதுண்டு. ஆனால் அத்தையே இரண்டு நாள் கழித்துப் போன் செய்து, "அந்தப் புக்கை நான் எடுத்துக்கிட்டுப் போயிட்டேன், ஸ்டாஃப் ரூம்ல கொடுத்திருக்கேன், தேடாதே" என்றார். 2010 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம், அதன் 17ஆவது பிரிவில், பிள்ளைகளை அடிப்பதையும் மனத்தளவில் துன்புறுத்துவதையும் தடை செய்கிறது. கதை வந்து பத்து வருஷத்துக்கும் மேல் கழித்து வந்த சட்டம் அது.

இன்னொன்று. இதைக் குழந்தைகள் கையில் கொடுக்கலாமா? ஒரு சிறுமி தனக்குத் தானே ஊறு தேடிக்கொள்ளும் கதை. முதலில் ஆசிரியர்களும் பெற்றோரும் படிக்க வேண்டும், பிள்ளைகளுக்குக் கொடுத்தால் கூட உட்கார்ந்து பேச வேண்டும் என்பதே என் எண்ணம். தனியாக வைத்துக்கொண்டு அழுகிற புத்தகமாக அது ஆகிவிடக் கூடாது.

சரி, நம் கல்லூரிக்கு வருவோம். இங்கே யாரும் பிரம்பு எடுப்பதில்லை. தேவையும் இல்லை, வரும்போதே மரத்துப்போய்த்தான் வருகிறோம். முதல் வருஷம் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த நண்பன் பிளஸ் டூ வரை தமிழ் வழியில் படித்தவன். வகுப்பில் வாயே திறக்க மாட்டான். சந்தேகம் வந்தால் நோட்டின் ஓரத்தில் பென்சிலால் தமிழில் எழுதி வைப்பான். ராத்திரி ஹாஸ்டல் மொட்டை மாடியில் அந்த நோட்டைத் திறப்போம். அதில் ஒன்று இன்னும் நினைவில் இருக்கிறது: "கரண்டுக்கு ஏன் மூணு ஃபேஸ்? ரெண்டு போதாதா? நாலு ஏன் இல்லை?" சின்னப்பிள்ளைத்தனமாகத் தெரிகிறதா? 1891இல் லாஃபன் ஊரிலிருந்து ஃபிராங்க்பர்ட் வரை 175 கிலோமீட்டருக்கு மூன்று ஃபேஸ் மின்சாரத்தைக் கொண்டு காட்டினார்கள். அதற்குப் பிறகும், 1895இல் நயாகராவில் ஓட ஆரம்பித்த ஜெனரேட்டர்கள் இரண்டு ஃபேஸ்தான்! அந்தக் காலத்துப் பெரிய மூளைகள் சண்டை போட்ட கேள்வி அது. சம அளவில் லோடு இருந்தால் மூன்றே கம்பியில் சீரான பவர் கிடைக்கும் என்பதால் மூன்று ஜெயித்தது. ஒரு வகுப்புக்கே உபயோகமாக இருந்திருக்க வேண்டிய கேள்வி, மொட்டை மாடியில் நாலு பேருக்கு மட்டும் உபயோகமானது. இங்கிலீஷ் வராது என்ற கூச்சம், வேறொன்றும் இல்லை.

இது வெறும் கூச்ச விவகாரமாக நின்றுவிட்டால் நான் இவ்வளவு பேசமாட்டேன். வேலைக்குப் போனபின் அது உயிர் விவகாரம். 1986 ஜனவரி 27 இரவு, சேலஞ்சர் விண்கலத்தின் பூஸ்டர் ராக்கெட்டைத் தயாரித்த நிறுவனத்தின் பொறியாளர்கள், இந்தக் குளிரில் ரப்பர் வளையம் விறைத்துப்போகுமே, ஏவலாமா என்று கேட்டார்கள். கேட்டவர்களைத் தாண்டி நிர்வாகம் சரி என்று எழுதிக் கொடுத்தது. மறுநாள் காலை, கிளம்பிய 73 வினாடியில் ஏழு பேர் போனார்கள். அதில் ஒருவர் கிறிஸ்டா மெக்காலிஃப், பள்ளிக்கூட டீச்சர். விண்வெளியிலிருந்து பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கப் போனவர். விசாரணையின்போது ஃபெய்ன்மன் செய்தது என்ன தெரியுமா? அந்த ரப்பரில் ஒரு துண்டை இடுக்கியில் அழுத்தி, மேஜைமேல் இருந்த ஐஸ் தண்ணீரில் போட்டு எடுத்துக் காட்டினார். ஆறாங்கிளாஸ் பரிசோதனை!

'விஞ்ஞான விக்கிரமாதித்தன்' பற்றியும் ஒரு வார்த்தை. அறிவியலைச் சொல்வதற்கு நடராசன் சார் விக்கிரமாதித்தனைக் கூப்பிட்டது ரொம்பப் பொருத்தம். பாட்டி சொன்ன கதையில் வேதாளத்தின் நிபந்தனை ஞாபகம் இருக்கிறதா? பதில் தெரிந்தும் வாயை மூடிக்கொண்டிருந்தால் தலை வெடித்துவிடும். பதில் சொன்னாலோ வேதாளம் மறுபடி மரம் ஏறிவிடும், ராஜா திரும்பவும் முதலிலிருந்து நடக்க வேண்டும். நம் வைவா தேர்வைத் தவிர இதற்கு வேறு உவமை எனக்குத் தெரியவில்லை. ஆராய்ச்சி செய்யும் நண்பர்கள் என்னைவிட நன்றாகச் சொல்வார்கள், ஒரு பதில் கிடைத்தால் அடுத்த நாள் வேதாளம் எங்கே தொங்கும் என்று.

இப்போது ஒரு சின்ன வேலை. நான் சொன்ன நாலு புத்தகங்களிலும் ஐந்தைந்து பிரதிகள் கொண்டுவந்து ஹாஸ்டல் வாசகசாலைக்குக் கொடுத்திருக்கிறேன். 'ஆயிஷா'வை எந்த அலமாரியில் வைப்பது, கதையிலா அறிவியலிலா கல்வியிலா என்று பொறுப்பாளர் கேட்டார். மேஜைமேலேயே வையுங்கள் என்று சொல்லியிருக்கிறேன். தம்பி தங்கைகள் ஊருக்குப் போகும்போது எடுத்துப் போகலாம். சிதம்பரத்தில் ரயில் ஏறிப் பிரித்தால் ஆலப்பாக்கம் தாண்டுவதற்குள் முடிந்துவிடும். திருப்பிக் கொண்டுவந்து வைத்துவிட்டால் போதும்.