கத்தி செய்ய வைத்தவர்கள்

கல்லங்குறிச்சி கலியுக வரதராசப் பெருமாளுக்கு அறுவடையில் ஒரு பங்கைக் காணிக்கை வைக்கும் வழக்கம் விவசாயிகளிடம் உண்டு. அந்த அறுவடைக்கு அரிவாள் வேண்டும். அரிவாளுக்குக் கொல்லுப்பட்டறை வேண்டும்.

பட்டறையில் பாடப்புத்தகம் கிடையாது. துருத்தி ஊதும் பையன், காய்ந்த இரும்பின் நிறம் மாறுவதைப் பார்த்துக்கொண்டே நிற்பான். எந்தச் சிவப்பில் அடிப்பது, எந்தச் சிவப்பில் தண்ணீரில் தோய்ப்பது என்பதைப் பெரியவரின் கையைப் பார்த்துத்தான் கற்க வேண்டும். நிறம் தப்பினால் வாய் உடையும், அல்லது மழுங்கும்.

இந்தத் தொழில் நம் மண்ணில் பழையது: ஈரோடு மாவட்டக் கொடுமணலில் பழங்கால இரும்பு, உருக்கு உலைகளின் தடயங்கள் கிடைத்துள்ளன. பிற்காலத்தில் இந்திய உருக்கு லண்டன்வரை போனது. அங்கே ஜேம்ஸ் ஸ்டோடார்ட் என்ற கத்தி, அறுவைக் கருவி செய்பவர், ஐரோப்பிய உருக்கைவிட இதுவே மேல் என்று தன் கடை விளம்பர அட்டையிலேயே அச்சிட்டார். அவரோடு சேர்ந்து இந்த உருக்கை ஆராய்ந்த இளைஞர் யார் தெரியுமா? மைக்கேல் ஃபாரடே! கொல்லர் மகன். 1819இல் நம் உருக்கைப் பகுத்தாய்ந்து எழுதினார். 1820இல் இருவரும் கலப்பு உருக்கு பற்றிச் சேர்ந்தே கட்டுரை வெளியிட்டார்கள். பெயர் தெரியாத நம் கொல்லர்களும் ஃபாரடேக்கு ஆசான்கள் என்றே நான் சொல்வேன்.

நம் காலத்தில், அமெரிக்காவில் குதிரைக்கு லாடம் அடித்த ஆல்ஃபிரட் பென்ட்ரே, பேராசிரியர் வெர்ஹோவனோடு சேர்ந்து அந்த உருக்கில் செய்த பழங்காலக் கத்திகளின் மேல் தெரிந்த அலைக்கோலத்தை மீண்டும் கத்தியில் கொண்டுவந்தார். வனேடியம் போன்ற தனிமங்கள் மிகச் சிறிதளவு கலந்திருப்பதே அதற்குக் காரணம் என்று 1998இல் எழுதினார்கள்.