ஒரு செய்திக்கு ஓர் இடம்

மருத்துவமனை ஒன்றின் புறநோயாளர் பிரிவை மனக்கண்முன் நிறுத்திக்கொள்ளுங்கள். அங்கே ஒரே பெரிய பேரேடு இருக்கிறது. யார் வந்தாலும் அதில் ஒரு வரி எழுதப்படும். நாள், நோயாளியின் பெயர், முகவரி, அவருக்கு ஒவ்வாத மருந்து, பார்த்த மருத்துவர், அம்மருத்துவரின் அறை எண், கொடுத்த மருந்துகள் ஆகிய யாவும் அவ்வொரு வரியிலேயே அடங்கும். பார்வைக்கு ஒழுங்கான ஏடுதான்.

ஒருவர் ஐந்து முறை வந்து சென்றார் எனக் கொள்வோம். பெனிசிலின் அவருக்கு ஒவ்வாது என்பது நான்காம் முறைதான் தெரியவந்தது. எழுத்தர் அந்த வரியில் அதைக் குறித்தார். முந்தைய மூன்று வரிகளிலும் ‘ஒன்றுமில்லை’ என்றே இருக்கிறது. ஐந்தாம் வரியிலோ, கூட்ட மிகுதியால், அவ்விடம் வெறுமையாக விடப்பட்டது. ஆறாம் முறை அவர் நள்ளிரவில் நினைவிழந்து வருகிறார். மருத்துவர் எந்த வரியை நம்புவது?

இடர் இதனோடு நிற்கவில்லை. பழைய வரிகளை நீக்கினால் அந்த ஒவ்வாமைக் குறிப்பும் உடன் மறையும். புதிதாகப் பணியேற்ற மருத்துவரின் அறை எண்ணை, அவரிடம் ஒரு நோயாளியேனும் வரும் வரையில், எழுத இடமே இல்லை.

கணிப்பொறியில் தரவுகளைச் சேர்த்துவைப்போரையும் இதே இடர்கள் வருத்தின. இங்கிலாந்தில் பிறந்த கணித அறிஞர் எட்கர் காட், அமெரிக்காவில் ஐ.பி.எம். நிறுவனத்தில் பணியாற்றியபோது, 1970ஆம் ஆண்டில் ஒரு கட்டுரை வெளியிட்டார். தரவுகளை ஒன்றோடொன்று தொடர்புடைய அட்டவணைகளாக அமைக்கும் வழியை அதில் அவர் வகுத்துரைத்தார். அவ்வட்டவணைகளைச் சீர்ப்படுத்தும் முறையே இயல்பாக்கம் எனப்படுவது. 1981இல் அவருக்குத் தூரிங் விருது வழங்கப்பெற்றது.

நம் பேரேட்டுக்கு வருவோம். ஒரு கட்டத்தில் ஒரு செய்தியே இருத்தல் வேண்டும் என்பது முதல் விதி. நான்கு மருந்துகளை ஒரே கட்டத்தில் அடைத்துவைத்தால், குறிப்பிட்ட ஒரு மருந்தை உண்டவர் யார் யார் என்று தேடுவது கடினம். அடுத்து, ஒவ்வொரு செய்தியையும் நோக்கி, ‘நீ எதனைச் சார்ந்தவன்?’ என்று கேட்க வேண்டும். முகவரி நோயாளியைச் சார்ந்தது. அறை எண் மருத்துவரைச் சார்ந்தது. நாள் வருகையைச் சார்ந்தது. ஆகவே நோயாளிகள், மருத்துவர்கள், வருகைகள் என மூன்று அட்டவணைகள் பிறக்கின்றன. வருகை அட்டவணையில் நோயாளியின் எண்ணும் மருத்துவரின் எண்ணும் இருந்தால் போதும். கொடுத்த மருந்துகளுக்குத் தனி அட்டவணை வேண்டும். ஒருவருக்கு ஒவ்வாதவை பல இருக்கலாமாதலால், அவற்றுக்கும் தனி அட்டவணை வேண்டும். இப்பொழுது பெனிசிலின் பற்றிய குறிப்பு ஒரே இடத்தில் இருக்கிறது. எந்த வருகையின்போதும் அங்கேதான் பார்ப்பார்கள்.

முதல், இரண்டாம், மூன்றாம் இயல்வடிவம் என்று நூல்கள் படிநிலைகளை அடுக்கும். தேர்வுக்கு அவை வேண்டியவைதாம். ஆயினும் அப்பெயர்களினும் மேற்சொன்ன கேள்வியே எனக்குப் பெரிதாகப் படுகிறது.

இதில் ஒரு நுட்பமும் உண்டு. மருந்தின் விலை எந்த அட்டவணைக்கு உரியது? மருந்துக்கே உரியது என்று விரைந்து சொல்லிவிடுவோம். அவ்வாறே வைத்தால், விலை உயரும் நாளில் சென்ற ஆண்டின் இரசீதுகளும் சேர்ந்து உயர்ந்துவிடும்! இன்றைய விலை மருந்தைச் சார்ந்தது. நோயாளி அன்று கொடுத்த விலையோ அந்த வருகையில் அவர் பெற்ற மருந்தைச் சார்ந்தது. இரண்டும் ஒரே எண்ணாக இருக்கும் நாளிலும் அவை இரண்டு செய்திகளே.