பிழைத்த மான்



வேட்டையைப் பாடவந்த புலவர்கள் பெரும்பாலும் வென்றவனையே பாடினார்கள். வல்வில் ஓரி விட்ட ஒரே அம்பு யானையை வீழ்த்தி, புலியைத் துளைத்து, கலைமானை உருட்டி, பன்றியைச் சாய்த்து, புற்றில் கிடந்த உடும்பில் போய்த் தைத்தது என்று வன்பரணர் புறநானூற்றின் 152ஆம் பாட்டில் வியந்து நிற்கிறார். வள்ளலின் புகழுக்கு அது போதும். ஆனால் காடு புகுந்தவர் எல்லாரும் ஓரி ஆகிவிட முடியாது. பகலெல்லாம் தடம் பார்த்து, காற்றுத் திசை அறிந்து, மூச்சையும் அடக்கி ஒருவன் நாணை இழுக்கிறான். அம்பு புதரில் போய்ச் செருகுகிறது. மான் ஒரு துள்ளலில் மறைந்துவிடுகிறது. அந்த நொடிக்குப் பின் அவன் என்ன செய்கிறான்? அந்த ஏமாற்றத்தை எங்கே கொண்டுபோய் இறக்கிவைக்கிறான்? இன்றைய பேச்சின் பொருள் இதுதான்.

1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்திற்குப் பின் மானை நோக்கி வில்லெடுப்பவன் குற்றவாளி. ஆகவே இது வேட்டைக்காரருக்குக் கூறும் அறிவுரை அன்று என்பதை அவை அறியும். குறி தப்பிய மனம் மட்டும் எந்தச் சட்டத்திற்கும் கட்டுப்படாமல் இன்றும் நம் தெருக்களில் நடமாடிக்கொண்டிருக்கிறது.

முதலில் ஒரு சொல்லைக் காண்போம். அம்பு இலக்கைத் தவறினால், அம்பு பிழைத்தது என்பது பழந்தமிழ் வழக்கு. யானையைத் தாக்கத் தவறிய வேலைக் குறிக்க வள்ளுவரும் 772ஆம் குறளில் இவ்வினையைத்தான் ஆள்கிறார். அதே நொடியில் மானுக்கு என்ன நேர்ந்தது? மானும் பிழைத்தது. உயிர் பிழைத்தது. எய்தவனின் தவறும் எய்யப்பட்டதன் வாழ்வும் ஒரே வினைச்சொல்லுக்குள் அடங்கிக் கிடக்கின்றன. தப்புதல் என்ற சொல்லும் அப்படித்தான். குறி தப்பியது, மான் தப்பியது. ஒருவனுக்குத் தப்பாக முடிந்தது மற்றொன்றுக்குத் தப்பிப்பாக முடிகிறது. பழமொழிகளிலும் இரு கரைகள் உண்டு. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்பது வேட்டுவன் பக்கத்துப் பேச்சு. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்பது மான் பக்கத்துப் பேச்சு. ஏமாந்து நிற்பவன் காதில் இந்த இரண்டாம் பேச்சு விழுவதில்லை என்பதே துயரம்.

குறி தவறியோர்க்கு ஆறுதல் கூறப் பள்ளிக்கூட மேடைகளில் இரண்டு பாட்டுகளை எடுத்தாள்வது வழக்கம். ஒன்று மேலே சொன்ன குறள். காட்டு முயலைக் கொன்ற அம்பைவிட யானையைத் தவறிய வேலை ஏந்துவதே இனிது என்பது அதன் கருத்து. மற்றொன்று கோப்பெருஞ்சோழன் பாடிய புறநானூற்று 214ஆம் பாட்டு. யானை வேட்டைக்குப் போனவன் யானையோடு வருதலும் கூடும், குறும்பூழ் வேட்டைக்குப் போனவன் வெறுங்கையோடு வருதலும் கூடும் என்கிறான் சோழன். இரண்டும் அரிய பாட்டுகளே. ஆயினும் அவற்றின் இடம் அறியாமல் எடுத்தாளுதல் பொருந்தாது. குறள் நிற்பது படைச்செருக்கு என்னும் அதிகாரத்தில். அது போர்வீரனின் மானத்தைப் பற்றியது. சோழனோ தன் மக்களோடு ஏற்பட்ட பகையால் மனம் உடைந்து, வடக்கிருந்து உயிர்விடத் துணிந்தபோது, நல்வினை செய்யத் தயங்குவோரை நோக்கி அதைப் பாடினான். அன்றியும் இவ்விரண்டு பாட்டிலும் முயல் உண்டு, குறும்பூழ் உண்டு, யானை உண்டு, மான் இல்லை. யானையைத் தவறவிட்டவனுக்கு, பெரிதை நினைத்தேன் என்ற பெருமையாவது மிஞ்சும். மானைத் தவறவிட்டவனுக்கு அதுவும் இல்லை. நம்மில் பெரும்பாலோர் தவறவிடுவது யானையை அன்று. ஒரு பணியிடம், ஒரு வரன், ஒரு பருவத்து விளைச்சல், ஒரு மதிப்பெண். இவையெல்லாம் மான் அளவினவே.

மானைத் தவறவிட்ட ஒருவனின் கதை, நடுநாட்டார் நன்கறிந்த நூலில் இருக்கிறது. செஞ்சியை அடுத்த மேலச்சேரி தொடங்கி இவ்வட்டாரத்தின் ஊர்தோறும் திரௌபதியம்மன் கோயில்கள் உள்ளன. பாரதப் பிரசங்கமும் தெருக்கூத்தும் தீமிதியும் காணாத சிற்றூர் இங்கே அரிது. பாரதத்தைத் தமிழில் பாடிய வில்லிபுத்தூராரும் திருமுனைப்பாடி நாட்டைச் சேர்ந்தவர். கூத்தில் பதினெட்டாம் போரோடு கதை முடிந்துவிடும். அதற்குப் பின் வந்தவன் பரீட்சித்து, அபிமன்னனின் மகன்.

வியாச பாரதத்தின் ஆதிபருவம் அவன் கதையை இவ்வாறு சொல்கிறது. அறுபது வயதை அடைந்த பரீட்சித்து ஒருநாள் வேட்டையில் ஒரு மானை எய்தான். அம்பு தைத்தது, மான் விழவில்லை. காயத்தோடு ஓடி மறைந்தது. அவன் கையால் அடிபட்ட எந்த மானும் அதுவரை உயிரோடு போனதில்லை என்று நூல் ஒரு குறிப்பை வைக்கிறது. கதையின் முடிச்சே அக்குறிப்பில்தான் இருக்கிறது. பலமுறை தவறவிட்டுப் பழகியவன் வீட்டுக்குத் திரும்பியிருப்பான். தவறவிட்டே அறியாதவனுக்குத் திரும்பத் தெரியவில்லை. பசியும் தாகமும் வருத்த, முதுமையின் களைப்போடு காட்டின் உள்ளே உள்ளே போனான். ஆனிரை கட்டிய ஓரிடத்தில் சமீகர் என்ற முனிவர் அமர்ந்திருந்தார். கன்றுகள் பால் குடிக்கும்போது வாயில் ஒழுகும் நுரையை உண்டு வாழ்பவர் அவர். நான் எய்த மான் இந்த வழியாகப் போயிற்றா என்று அரசன் கேட்டான். முனிவர் பேசாநோன்பில் இருந்தார், விடை சொல்லவில்லை. அருகே ஒரு பாம்பு செத்துக் கிடந்தது. அரசன் வில்லின் நுனியால் அதை எடுத்து முனிவரின் தோளில் போட்டுவிட்டுப் போனான்.

முனிவர் சினக்கவில்லை. அவர் மகன் சிருங்கி சினந்தான். ஏழு நாளில் தட்சகன் கடித்து அரசன் இறப்பான் என்று சபித்தான். சமீகர் மகனைத்தான் கடிந்துகொண்டார். எச்சரிக்கையாக இருக்கும்படி மாணவன் கௌரமுகனை அரசனிடம் அனுப்பினார். ஆயினும் சாபம் பலித்தது. தந்தையைப் பறிகொடுத்த சனமேசயன் பாம்பு வேள்வி செய்தான். அந்த வேள்விக் களத்தில்தான் வைசம்பாயனர் பாரதக் கதை முழுவதையும் அவனுக்குச் சொன்னார். ஒரு மான் தப்பிய ஏமாற்றம் எவ்வளவு நீண்டது பாருங்கள். (குறி தப்பாவிட்டாலும் நிலைமை பெரிதும் மாறியிராது. பரீட்சித்தின் கொள்ளுப்பாட்டன் பாண்டு எய்த அம்பு பிசகாமல் பட்டது. மான் வடிவில் இருந்த முனிவரின் சாபமே அவனுக்குக் கிடைத்தது.)

இங்கே குற்றம் எது? மானைத் தவறவிட்டது குற்றமன்று; அது வேட்டையின் இயல்பு. கேள்வி கேட்டதும் குற்றமன்று. விடை வராதபோது, தன் கை தவறியதற்கான வெப்பத்தை எதிரில் பேசாமல் இருந்தவர்மீது இறக்கியதே குற்றம். மானும் சமீகரும் ஒருவரையொருவர் அறியார். அங்கே இருந்தார், பேசவில்லை என்ற இரண்டைத் தவிர அவர்மேல் சொல்லத்தக்க பழி ஏதும் இல்லை.

இதே காட்சியைத் தமிழில் கபிலர் அமைத்திருக்கிறார். கபிலர் நமக்கு அயலார் அல்லர். பாரியின் மறைவுக்குப் பின் அவர் பெண்ணையாற்றங்கரைக்கு வந்ததை நினைவூட்டும் கபிலர் குன்று திருக்கோவலூரில் இன்றும் ஆற்றின் நடுவே நிற்கிறது. அவர் பாடிய குறிஞ்சிப்பாட்டு 261 அடிகள் கொண்டது. உ. வே. சாமிநாதையர் நச்சினார்க்கினியர் உரையோடு 1889இல் பத்துப்பாட்டை அச்சேற்றியபோது தமிழுலகிற்கு மீண்டும் கிடைத்த செல்வங்களுள் ஒன்று. குறிஞ்சிப்பாட்டு என்றதும் அதிலுள்ள 99 பூக்களை எண்ணிக் காட்டுவதோடு நம் வகுப்பறைகள் நின்றுவிடுகின்றன. பூக்களைத் தாண்டிச் சற்றே நடந்தால் ஒரு வேட்டுவன் வருகிறான்.

தினைப்புனத்தில் தலைவியும் தோழியும் இருக்கிறார்கள். கையில் வில்லோடு ஓர் இளைஞன் வருகிறான். சினங்கொண்ட வேட்டைநாய்கள் பெண்களைச் சூழ்கின்றன. அவர்கள் நடுங்கி எழுந்து விலகுகிறார்கள். அவன் மெல்ல நெருங்கி, அவர்கள் அழகைப் பாராட்டிவிட்டு, தன்னிடமிருந்து தப்பிப்போன கெடுதி ஒன்று உண்டு என்கிறான். இன்று கெடுதி என்றால் தீங்கு. கபிலர் காலத்தில் அது கெட்டுப்போன பொருள், அதாவது தொலைந்த பொருள். தப்பிய விலங்கைத் தனக்கு நேர்ந்த தீங்கு என்று அவன் சொல்லவில்லை, தொலைத்தேன் என்கிறான். பெண்கள் விடை சொல்லவில்லை. பரீட்சித்து நின்ற அதே இடத்தில் இப்போது இவன் நிற்கிறான். கேள்வி அதே கேள்வி, எதிரில் அதே மௌனம்.

அவன் கலங்கினான் என்று கபிலர் ஒளிக்காமல் சொல்கிறார். ஏமாற்றமே இல்லாத வீரனாக அவனைக் காட்டவில்லை. கலங்கியவன் அடுத்துக் கேட்டது, தொலைந்ததைப்பற்றிச் சொல்லாவிட்டாலும் போகட்டும், என்னோடு பேசுவதுமா பழி என்பதுதான். மானைப் பற்றிய கேள்வியை அங்கேயே கைவிட்டுவிட்டான். பிறகு, வண்டுகள் மொய்க்கும் பூங்கிளை ஒன்றை ஒடித்து ஓங்கினான். யார்மேல்? ஆரவாரம் செய்துகொண்டிருந்த தன் சுற்றத்தின்மேல். அந்தக் கடுங்குரலை அடக்கிவிட்டு, பெண்கள் பேசும்வரை காத்து நின்றான்.

ஒருவன் வில்நுனியால் செத்த பாம்பை எடுத்து மௌனமாக இருந்தவர்மேல் போட்டான். மற்றவன் பூத்த கிளையை எடுத்துத் தன் பக்கத்துக் கூச்சலை அடக்கினான். குறி தவறுவது இருவருக்கும் பொது. கையில் எதை எடுப்பது, யாரை நோக்கி ஓங்குவது என்பதில்தான் வேறுபாடு. இவனும் வில் தெரியாதவன் அல்லன். சற்று நேரத்தில் மதயானை ஒன்று புனத்தில் புகுந்தபோது, நடுங்கி ஓடிவந்த பெண்களைக் காத்து, அதன் முகத்தில் தைக்க எய்கிறான்.

பிற்காலக் கோவை நூல்களில் இக்காட்சி ஒரு துறையாகவே உறைந்துவிட்டது. மாணிக்கவாசகரின் திருக்கோவையாரில் வேழம் வினாதல், கலைமான் வினாதல் என்பன அடுத்தடுத்த துறைகள். தலைவன் தப்பிய மானைக் கேட்டு வருவான். தோழி அவன் கருத்தை ஐயுறுவாள். அங்கே மான் வெறும் சாக்கு, எய்யப்படவே இல்லை. படிக்க இனியவை, ஐயமில்லை. ஆயினும் கபிலர் காட்டிய கலக்கம் அவற்றில் இல்லை.

இதுவரை கண்டவர்கள் அரசனும் செல்வ இளைஞனும். மான் அவர்களுக்கு விளையாட்டு. வயிற்றுக்காக வேட்டையாடியவன் கதை வேறு. நாயோடு காட்டில் வாழும் வேட்டுவன் வட்டி நிறைய மான்தசை கொண்டுவந்து உழவர் வீட்டில் சொரிந்து, நெல்லை முகந்துகொண்டு போவதைக் கோவூர் கிழார் புறநானூற்று 33ஆம் பாட்டில் காட்டுகிறார். மான் தப்பிய நாளில் அந்த வட்டி வெறுமையாகத் திரும்பும். நெல் இல்லை, உலை இல்லை. அவனிடம் போய்ப் பெரிதாக நினை, யானையை நினை என்று சொல்வது கொடுமை. ஆலை மூடிய செய்தியோடு இரயிலை விட்டு இறங்கும் தொழிலாளிக்கும், கரும்பை வெட்டியும் பணம் வராத உழவனுக்கும் அவ்வாறே.

இப்படி வெறுங்கையோடு வருபவனுக்கு வாசலில் எதிர்ப்படுபவர் யார்? பெரும்பாலும் மனைவி, அல்லது பாடம் எழுதிக்கொண்டிருக்கும் பிள்ளை. என்ன ஆயிற்று என்று அவள் கேட்டாலும் குற்றம், கேட்காமல் இருந்தாலும் குற்றம். சமீகருக்காகச் சபிக்க ஒரு சிருங்கி இருந்தான். இவள் தோளில் விழும் பாம்பை எடுத்துப் போடவும் ஆள் இல்லை. வெளியே தோற்றவன் உள்ளே அடிப்பதை உலக வழக்கம் என்று சொல்லி ஆற்றிக்கொள்வது நம் ஊர்களில் இன்னும் போகவில்லை. பாரதம் கேட்டு வளர்ந்த மண்ணில் அது போயிருக்கவேண்டும். அரசனே ஆனாலும் அதற்கு மன்னிப்பில்லை என்றல்லவா அந்நூல் தொடங்குகிறது!

வீரை வெளியனார் என்ற புலவர் புறநானூற்றின் 320ஆம் பாட்டில் ஒரு வேட்டுவன் குடிலைக் காட்டுகிறார். முற்றத்தில் முஞ்ஞையும் முசுண்டையும் படர்ந்து, பந்தல் தேவைப்படாத நிழல். அந்நிழலில் யானை வேட்டுவன் அயர்ந்து உறங்குகிறான். வேறு மான்களைக் கவர்ந்து பிடிப்பதற்காக வளர்த்த பார்வை மான், ஒரு பெண்மான், அங்கே கட்டப்பட்டிருக்கிறது. காட்டிலிருந்து தனித்த கலைமான் ஒன்று வந்து அதைத் தழுவி விளையாடுகிறது. வேட்டுவனின் மனைவி பார்க்கிறாள். அன்றைய உணவு அவள் முற்றத்திற்கே நடந்து வந்திருக்கிறது. ஒரு குரல் கொடுத்தால் போதும். அவள் குரல் கொடுக்கவில்லை. கணவனின் உறக்கம் கலையுமோ என்று ஓர் அச்சம். கலைமான் தன் துணையைப் பிரிந்து ஓடுமோ என்று மற்றோர் அச்சம். அசையாமல் இருக்கிறாள். மான்தோலில் உலரப் பரப்பிய தினையைக் காட்டுக்கோழியும் இதலும் வந்து கொத்தித் தின்கின்றன. அவற்றை ஓட்டவும் அவள் எழவில்லை.

அன்று அந்த மான் பிழைத்தது. அதை இழந்தோம் என்பதை வேட்டுவன் அறியவே இல்லை, உறங்கிக்கொண்டிருந்தான். அறிந்தவள் அவள் ஒருத்தியே. முற்றத்தில் தினையும் குறைந்துகொண்டிருந்தது.