எண் பொறித்த இரும்பு

பழம்பொருள் சேர்ப்போர் பல திறத்தினர். நாணயம் தேடுவோர் உளர்; முத்திரை தேடுவோர் உளர்; ஏட்டுச்சுவடி தேடுவோரும் உளர். இவர்களுள் ஒரு சாரார் பழைய துப்பாக்கிகளைத் தேடுகின்றனர். அவற்றுள்ளும் 1890ஆம் ஆண்டுகளில் ஐரோப்பாவிலே தோன்றிய, தாமே தோட்டா ஏற்றிக்கொள்ளும் கைத்துப்பாக்கிகளுக்கு மேனாடுகளிற் பெருமதிப்பு உண்டு. அவற்றைச் சேர்ப்போர் எதனைக் கண்டு விலை மதிக்கின்றனர் என்று ஆராய்ந்தால், துப்பாக்கியைத் தொட்டறியாத ஊவா மலைநாட்டுத் தோட்ட மக்களுக்கும் பயன்படும் ஓர் உண்மை புலனாகும்.

முற்காலத் துப்பாக்கிக்கு வாய்வழியாக மருந்தும் குண்டும் இடித்து நிரப்புதல் வேண்டும். ஒருமுறை சுட்டால், மீண்டும் நிரப்பும்வரை அது பயன்படாது. பின்னர்ச் சுழல்துப்பாக்கி வந்தது. அதன் உருளை ஐந்தாறு தோட்டாக்களைத் தாங்கிச் சுழன்றது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியிற் புகையில்லா வெடிமருந்து பரவியபின், வெடியின் பின்னுதைப்பையே வேலைவாங்கலாம் என்று பொறியாளர் கண்டனர். வெடித்த தோட்டாவின் வெற்றுக்கூட்டை அவ்வுதைப்பு வெளியே தள்ளும். உள்ளே இருக்கும் சுருள்வில் அடுத்த தோட்டாவை மேலே உந்தும். சுடுவோர் ஒவ்வொரு முறையும் விசையை அழுத்தினாற் போதும்.

இவ்வகையில் முதன்முதலாக ஓரளவு விற்பனை கண்டது 1893இல் ஹியூகோ போர்ச்சார்ட் என்பவர் அமைத்த துப்பாக்கி. பெர்லின் நகரிலே செய்யப்பட்ட இதன் பூட்டு, மனிதரின் முழங்கால் போல மேல்நோக்கி மடியும். பருமனும் விலையும் மிகுதியானமையால் ஏறத்தாழ 3,000 மட்டுமே வெளிவந்தன. அதனைத் திருத்திச் செம்மையாக்கியவர் ஜார்ஜ் லூகர். அவருடைய துப்பாக்கியைச் சுவிட்சர்லாந்துப் படை 1900இலும் ஜெர்மன் தரைப்படை 1908இலும் ஏற்றன. இதற்கிடையில், 1896இல் வெளிவந்த மௌசர் துப்பாக்கி துடைப்பக் கட்டை போன்ற பிடியுடன் உலகெங்கும் சென்றது. அமெரிக்கரான ஜான் பிரௌனிங் வகுத்த சிறு துப்பாக்கியைப் பெல்ஜிய நாட்டுத் தொழிற்சாலை இலட்சக்கணக்கிற் செய்து விற்றது. 1911 ஜூன் 17ஆம் நாள் மணியாச்சிச் சந்திப்பில் ஆஷ் துரையைச் சுட்ட வாஞ்சிநாதன் கையில் இருந்ததும் பெல்ஜியத்திற் செய்த பிரௌனிங்கே.

சேர்ப்போர் இத்தகைய துப்பாக்கி ஒன்றைக் கண்டவுடன் முதலிற் பார்ப்பது அதன் எண்ணை. குழலிலும் பூட்டிலும் பிற உறுப்புகளிலும் பொறித்த எண்கள் ஒத்திருக்கின்றனவா என்று நோக்குவர். உடன் விற்கப்பட்ட மரக்கட்டையும் பெட்டியும் அதற்கே உரியனவா என்று ஆராய்வர். அவ்வெண் எந்த ஆண்டிற்குரியது, எந்த வணிகருக்கு அனுப்பப்பட்டது, யார் வாங்கினார் என்று பழைய ஏடுகளிலே தேடுவர். எல்லாம் இசைந்தால் விலை பன்மடங்காகும். உறுப்பு மாறி வரலாறும் அற்ற துப்பாக்கி எவ்வளவு மெருகுடன் மின்னினும் அவர்கள் அதனைப் பெரிதாகக் கருதமாட்டார்.

எண்ணும் ஏடும் எத்துணை வலியுடையன என்பதற்குக் கல்கத்தா நகரமே சான்று. 1914 ஆகஸ்டு 26ஆம் நாள் ரொட்டா கம்பெனிக்கு வந்த சரக்கிலிருந்து 50 மௌசர் துப்பாக்கிகளும் 46,000 தோட்டாக்களும் மறைந்தன. அவற்றை வங்கப் புரட்சியாளர் பங்கிட்டுக்கொண்டனர். ஆயின் ஒவ்வொன்றின் எண்ணும் கம்பெனியின் ஏட்டிலே எழுதப்பட்டிருந்தது. ஆகவே, ஓரிடத்தில் ஒரு துப்பாக்கி கைப்பற்றப்பட்டால் அது மறைந்த ஐம்பதில் ஒன்று என்று உடனே தெளிந்தது. 54 வழக்குகளில் அவை பயன்பட்டன என்றும், 31 மீட்கப்பட்டன என்றும் 1918இல் ரௌலட் குழுவினர் தம் அறிக்கையிற் கணக்குக் கூறினர்.

ஊவாவிலும் துப்பாக்கியின் வரலாறு உண்டு. 1817இல் வெல்லசவில் எழுந்த கிளர்ச்சியை அடக்க அனுப்பப்பட்ட கெப்பிட்டிப்பொல திசாவை, கிளர்ச்சியாளருடன் சேருமுன், ஆங்கில அரசு தந்த ஆயுதங்களை அவ்வரசுக்கே திருப்பி அனுப்பினார் என்பது நாடறிந்த செய்தி. பின்னாளிற் பதுளையில் அதிகாரியாயிருந்த மேஜர் ரோஜர்ஸ் ஆயிரத்துக்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டவர் என்பர். 1845 ஜூன் 7ஆம் நாள் அப்புத்தளையில் இடிவிழுந்து அவர் இறந்தார். அவர் நினைவாகப் பதுளையில் எழுந்த மாற்கு தேவாலயத்தில் அவர் பெயர் பொறித்த கல் இருக்கிறது. பிற்காலத்தில் துரைமார் பங்களாக்களில் இருந்த துப்பாக்கிகளுக்கும் பதிவு வந்தது. 1916ஆம் ஆண்டின் துப்பாக்கிச் சட்டம் அனுமதிப்பத்திரத்தை வேண்டி நின்றது. அச்சட்டத்தின்கீழ்த் துப்பாக்கிக்கு ஓர் எண்ணும், உடையவருக்கு ஒரு பெயரும் ஏட்டில் ஏறின.

அதே காலத்தில் வேறோர் இரும்பிலும் எண் பொறிக்கப்பட்டது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், தமிழகத்திலிருந்து தோட்டங்களுக்கு வந்த தொழிலாளரிடம் தகர வில்லை ஒன்று கொடுக்கப்பட்டது. எந்தத் தோட்டம், எத்தனையாவது ஆள் என்பதை அதன் எழுத்தும் எண்ணும் காட்டின. வழிச்செலவு அத்தோட்டத்தின் கணக்கில் எழுதப்பட்டது. தோட்டம் மாறுவோருக்கு அக்காலத்தில் வேண்டியிருந்தது ‘துண்டு’ என்னும் கடிதம். அதிற் காணப்பட்டதோ கடன் தொகை. அதனைச் செலுத்தினால் ஆட்களை விடுவிக்கலாம் என்பதே அதன் பொருள். துண்டு முறை 1921இல் ஒழிக்கப்பட்டது.

பசறையிலும் நமுனுகுலையிலும் பண்டாரவளையிலும் தேயிலை நட்டு மலையைப் பசுமையாக்கியவர் பிள்ளைகளுக்கு 1948இல் வேறு கணக்கு வேண்டியதாயிற்று. அவ்வாண்டின் குடியுரிமைச் சட்டம், தந்தை முதலிய முன்னோர் இத்தீவிலே பிறந்தமைக்குச் சான்று கேட்டது. லயத்திலே பிறந்து லயத்திலே மறைந்த பலருக்குப் பிறப்புப் பதிவு இருக்கவில்லை. 1949ஆம் ஆண்டின் சட்டம் பல்லாண்டு தொடர்ந்து வாழ்ந்தமைக்குச் சான்று கேட்டது. அங்கும் பல்லாயிரவர் விண்ணப்பம் தள்ளுண்டது. பெர்லினிற் செய்த துப்பாக்கியின் பிறந்த ஆண்டைச் சொல்ல ஏடு இருந்தது. பதுளை மலையிற் பிறந்த தொழிலாளியின் பிறந்த ஆண்டைச் சொல்ல ஏடு கிட்டவில்லை. 1964இன் ஸ்ரீமா–சாஸ்திரி ஒப்பந்தம் குடும்பங்களைக் கடலின் இருபுறமும் பிரித்தது. எஞ்சியோருக்கு 2003ஆம் ஆண்டின் சட்டமே உரிமை வழங்கியது.

ஆதலின், பழந்துப்பாக்கி சேர்ப்போரிடம் கற்கத்தக்கது அவர்களுடைய ஆசையன்று, அவர்களுடைய கவனமே. இலங்கையில் அனுமதியின்றித் துப்பாக்கி வைத்திருத்தல் குற்றம்; அத்தகைய பொருளுக்கு உரிய இடம் அரும்பொருட்சாலை. ஆனால் வீட்டுத் தகரப் பெட்டியில் கிடக்கும் பாட்டனாரின் தகர வில்லை, செல்லரித்த துண்டு, பழைய செக்ரோல் தாள், பள்ளிச் சான்றிதழ் ஆகியவற்றைக் காக்க எந்த அனுமதியும் வேண்டுவதில்லை. அவற்றை ஈரம்படாது வைத்து, யாருடையது, எந்தத் தோட்டத்தது, எந்த ஆண்டினது என்று ஒரு தாளில் எழுதி உடன் வைத்தல் முதியோர் இருக்கும்போதே செய்யவேண்டிய பணி. வில்லையில் எண் மட்டுமே உண்டு. அதனை அணிந்து மலையேறியவரின் பெயரை அறிந்தோர் அவர் வழிவந்தோரே.